மாரத்தான் ஞாயிறு: ஓடாதவர்களும் படிக்க வேண்டிய மாநகர் மன்ற அறிவிப்பு

கோலாலம்பூரில் பெரிய ஓட்டப் போட்டி ஏதேனும் வருகிறது என்றால், மாநகர் மன்றமும் (டிபிகேஎல்) போக்குவரத்து போலீசும் சில நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வெளியிடும். மேல் பாதியில் போட்டியின் பெயர், புறப்படும் இடம், நேரம். கீழ்ப் பாதியில் சாலைகளின் பட்டியல்: எது எத்தனை மணிக்கு மூடப்படும், வண்டிகள் எந்தப் பக்கம் திருப்பிவிடப்படும், பேருந்து எங்கே நிற்காது. ஓடப் போகிறவர் மேல் பாதியைப் படித்துவிட்டுக் காலணி பார்க்கப் போய்விடுவார். கீழ்ப் பாதி யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் பலர் அந்த அறிவிப்பைப் பார்ப்பதே இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜாலான் துன் பேராக் முனையில் தடுப்பைக் கண்ட பிறகுதான் விஷயம் தெரியும். அதற்குள் காரில் பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாக நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல்தான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்கள் காலையிலேயே வந்துவிடும். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்கும், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் கோலாலம்பூர் மாரத்தானின் மையமாக இருந்துவரும் டத்தாரான் மெர்டேக்காவுக்கும் இடையே உள்ளது நடந்து போகும் தூரம். 2009இல் தொடங்கிய இந்த மாரத்தான் சமீப ஆண்டுகளில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ சனி, ஞாயிறு என இரண்டு நாள் நடக்கிறது. அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாள். 2015 முதல் இப்படித்தான். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் என்பதால், மஸ்ஜிட் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் துணி எடுக்கும் கூட்டமும் அதே வாரங்களில்தான் சேரும். பத்திரிகை அடிப்பதற்கு முன் பஞ்சாங்கத்தோடு மாரத்தான் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாரத்தானின் தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுகிறார்கள். சாலை விவரந்தான் கடைசியில் வரும்.

எல்லாச் சாலை மூடலும் ஒரே மாதிரி அல்ல. கார் இல்லாத காலை என்று டிபிகேஎல் 2014 முதல் நடத்திவரும் நிகழ்ச்சி ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். ஜாலான் சுல்தான் இஸ்மாயில் போன்ற சாலைகளில் அந்த இரண்டு மணி நேரம் கார் ஓடாது. நடக்கலாம், ஓடலாம், பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கலாம். கட்டணமோ பதக்கமோ கிடையாது. நகரவாசிக்கு டிபிகேஎல் இலவசமாகக் கொடுக்கும் விளையாட்டுச் சேவைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இருநூறு ரிங்கிட் காலணி போட்டவரும் செருப்போடு வரும் தாத்தாவும் ஒரே சாலையில் நடக்கும் இடம் அது.

மாரத்தான் கதையே வேறு. முழு ஓட்டம் 42.195 கிலோமீட்டர். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை இருட்டிலேயே புறப்பாடு. மெதுவாக ஓடுபவருக்கும் ஏழு மணி நேரத்தை ஒட்டிய அவகாசம் தருகிறார்கள் என்றால், கணக்கு நீங்களே போடலாம்: நான்கு மணிக்குப் புறப்பட்ட கடைசி ஆள் முடிக்கும்போது பகல் பதினொன்று ஆகிவிடும். புறப்படும், முடியும் இடத்தைச் சுற்றிய சாலைகள் முதலில் மூடப்பட்டு, கடைசியில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சாலைகளைக் கடைசி ஓட்டக்காரர் கடந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார்கள். அறிவிப்பில் ‘கட்டம் கட்டமாக’ என்று இருந்தால் பொருள் இதுதான். ஆகவே ‘காலை பத்து வரை’ என்று ஒரே வரியில் யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். உங்கள் சாலையின் பெயர் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். போகும் சாலை திறந்திருந்தாலும் அதைக் குறுக்கே வெட்டும் சாலை மூடியிருக்கலாம். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

‘ஓரமாக ஒரு லேன் விட்டால் என்ன குறைந்துவிடும்’ என்று கேட்பவர்கள் உண்டு. 2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த நகர மாரத்தானில், அதிகாலை இருட்டில் ஓடிக்கொண்டிருந்த மூவரைக் கார் ஒன்று மோதியது. சாலை ஓட்டங்களின் பாதுகாப்பு குறித்துப் பெரிய கேள்வி எழுந்தது அப்போதுதான். காரும் ஓட்டக்காரரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ள இடம் கொடுக்கும் போட்டி எதுவாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூடுவதென்றால் முழுக்க மூட வேண்டும். அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் செய்தால் முதலாவதன் மீது வரும் கோபம் பாதி குறையும்.

அன்றைக்கு எப்படிப் போவது?

ரயில்தான். சாலை மூடினாலும் தண்டவாளம் மூடாது. டத்தாரான் மெர்டேக்காவுக்கும் மஸ்ஜிட் இந்தியாவுக்கும் மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையம் பக்கம். அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங், கிளானா ஜெயா தடங்கள் மூன்றும் அங்கே வருகின்றன. மகா மாரியம்மன் கோயிலுக்குப் பசார் செனி நிலையத்தில் இறங்கலாம். அங்கே எம்ஆர்டி காஜாங் தடமும் உண்டு. மலேசியக் குடிமக்களுக்கு மை50 பாஸ் இருக்கிறது. 50 ரிங்கிட் கட்டினால் 30 நாள்களுக்கு ரேபிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் தனியாக உண்டு. அப்பா அம்மாவுக்கு இன்னும் பதிவு செய்யாதவர்கள் மைகார்ட்டோடு ஒருமுறை போய் முடித்துவிடுங்கள்.

கோ கேஎல் பேருந்தை மட்டும் அன்றைக்கு நம்ப வேண்டாம். 2012இல் தொடங்கப்பட்டு இப்போது டிபிகேஎல் நடத்தும் இந்தச் சேவையில் ஊதா நிறத் தடம் பசார் செனிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் இடையே, பச்சை நிறத் தடம் கேஎல்சிசிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் இடையே ஓடும். மாரத்தான் பாதையும் நகரின் இதே நடுப்பகுதியில்தான். சாலை மூடியிருக்கும் நேரத்தில் பேருந்து சுற்றிப் போகும், அல்லது நிறுத்தங்களைத் தவிர்த்துவிடும். நிறுத்தத்தில் நின்று காத்திருப்பவருக்கு அதை யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மையங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால், மாரத்தான் ஒரு நாள் நிகழ்ச்சியாக இருந்தவரை அவர்களுக்குத் தொல்லை இல்லை. இப்போது சனிக்கிழமையும் குறுகிய தூர ஓட்டங்கள் நடக்கின்றன. செவ்வாய், வியாழன், சனி என்று முறை வைத்திருப்பவர், அதிலும் விடிகாலை நேரம் எடுத்திருப்பவர், நகரின் நடுவில் உள்ள மையத்துக்குப் போகிறார் என்றால், முந்தைய வாரமே மையத்தில் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். திடீர் நெஞ்சுவலி, பிரசவ வலி போன்ற அவசரத்துக்கு 999தான். சொந்தக் காரில் தடுப்பு தடுப்பாக நின்று விளக்கம் சொல்வதைவிட ஆம்புலன்ஸுக்கு வழி சீக்கிரம் கிடைக்கும்.

வியாபாரிகளுக்கு நல்ல செய்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. காலை வியாபாரம் போனதற்கு இழப்பீடு கேட்டு நிரப்பும் பாரம் எதுவும் கிடையாது. பூ, காய்கறி இறக்குபவர்கள் முந்தைய இரவே இறக்கிவிடுவது ஒன்றுதான் வழி. மூடப்படும் சாலையில் இரவு வண்டியை விட்டுவைத்தால் அது இழுத்துச் செல்லப்படலாம்.

ஒரு வார்த்தை புகைமூட்டம் பற்றி. 2015இல் கோலாலம்பூர் மாரத்தான் புகைமூட்டத்தால் ரத்தானது. மாரத்தான் வரும் மாதங்களும் புகை வரும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்பது கல்வி அமைச்சின் விதி. பெரியவர்களின் ஓட்டத்துக்கு முடிவெடுப்பது ஏற்பாட்டாளர்கள். ஆகவே முந்தைய நாள் மாலை இன்னொரு முறை அறிவிப்பைப் பாருங்கள்.

குப்பை, தண்ணீர், சாக்கடை: யாரைக் கேட்பது?

ஓட்டம் முடிந்ததும் சாலையெங்கும் காகிதக் கோப்பைகள். ‘டிபிகேஎல் என்ன செய்கிறது’ என்ற புலம்பல் உடனே கிளம்பும். நகரத்தில் எது கெட்டாலும் டிபிகேஎல் தலையில் போடுவது நமக்குப் பழக்கம். ஆனால் பாதிப் புகார் தவறான வாசலில் போய் நிற்கிறது. குப்பையை எடுத்துக்கொள்வோம். 672ஆம் சட்டம் எனப்படும் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையை எடுப்பது ஆலாம் ஃபுளோரா நிறுவனம்; அதைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூகோர்ப் என்ற அரசுக் கழகம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும். தரை வீடுகளில் குப்பையைப் பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம். கண்ட இடத்தில் போட்டால் 2026 ஜனவரி முதல் கூடுதல் தண்டனை இருக்கிறது: 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை பொதுச் சேவை செய்யும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். துடைப்பத்தைப் பிடித்துச் சாலையோரம் கூட்ட வேண்டியதுதான். அபராதத்தைவிட இது நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். பணம் இருப்பவருக்கும் வெட்கம் இருக்குமல்லவா.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஆயர் சிலாங்கூர். கழிவுநீர்க் குழாய் பொங்கினால் இண்டா வாட்டர். வீட்டுக்கு மின்சாரம் இல்லை என்றால் தெனாகா. வீட்டு முன் மழைநீர்க் கால்வாய் அடைப்பு, சாலைக் குழி, சாலை விளக்கு, விழப்போகும் மரம், பூங்காவில் உடைந்த ஊஞ்சல் ஆகியவைதான் டிபிகேஎல்லின் வேலை. அதிலும் எல்லை பார்க்க வேண்டும். பத்துமலை கோலாலம்பூரில் இல்லை. சிலாங்கூரில், செலாயாங் நகராட்சியின் கீழ் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவுக்குத் தனி மாநகராட்சி. அங்கே வசிப்பவர் சட்டமன்ற உறுப்பினரிடமும் போகலாம், நகராண்மைக் கழக உறுப்பினரிடமும் போகலாம். கோலாலம்பூர்வாசிக்கு அந்த இரண்டும் இல்லை. இது கூட்டரசுப் பிரதேசம், மேயர் நியமிக்கப்படுபவர், வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்று நமக்கு இருப்பது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே. நகரத்துக்கு மொத்தம் 11 தொகுதிகள். டிபிகேஎல்லின் இணையப் புகார்ப் பக்கத்தில் புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தொகுதிச் சேவை மையத்துக்குப் போகலாம். எண் இல்லாமல் போய் வாய்வார்த்தையாகச் சொல்லும் புகாரைப் பின்தொடர யாராலும் முடியாது. படமும் விளக்குக் கம்பத்தின் எண்ணும் இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

நாமே போட்டி நடத்த வேண்டுமானால்

பல தமிழ்ப்பள்ளிகளுக்குச் சொந்தத் திடல் இல்லை. விளையாட்டுப் போட்டி நாள் என்றால் வெளியே திடல் தேட வேண்டும். தாமான் இளைஞர்கள் தீபாவளிக் கிண்ணக் காற்பந்து நடத்துவதென்றாலும் அதே தேடல். முதலில் திடல் யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள். புக்கிட் ஜாலில் அரங்கம் மலேசிய அரங்கக் கழகத்துடையது; கேஎல்சிசி பூங்காவுக்குத் தனி நிர்வாகம். தித்திவங்சா ஏரிப் பூங்கா, பங்சார் விளையாட்டு வளாகம், குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் பல பொதுத் திடல்கள், சமூக மண்டபங்கள் டிபிகேஎல் பொறுப்பில் உள்ளவை. இவற்றுக்கு முன்பதிவு செய்து வாடகை கட்ட வேண்டும். சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும்; ரசீதைத் தொலைத்துவிட்டு அலைபவர்கள்தான் அதிகம்.

பள்ளி என்றால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம், சங்கம் என்றால் பதிவுச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும். விளையாட்டுச் சங்கங்கள் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கட்டணம் வாங்கிப் போட்டி நடத்தும் தனியார் நிறுவனத்துக்கும் அதே சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. பிள்ளைகளை அறுபது, எழுபது ரிங்கிட் கட்டி ஓட்டத்தில் சேர்க்கும் பெற்றோர் அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்கக் கூடாது.

திடலுக்குள் முடியும் போட்டிக்கு இவ்வளவே போதும். சாலையில் கால் வைத்தால் போலீஸ் அனுமதியும் வேண்டும், போக்குவரத்துத் திட்டமும் வேண்டும். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அக்டோபருக்குத் திட்டமிடுபவர் ஜூனிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டால் நல்லது. அந்த மாத வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.