ஹூப்ரிஸ்: மாணவர்களும் கட்டுரையாளர்களும் கவனிக்க

கிரேக்க நாடகம் கற்பிக்கும் நான், இந்தப் பருவத்து விடைத்தாள்களிலும் அதே வாய்பாட்டைக் கட்டுக்கட்டாகத் திருத்தி முடித்த சலிப்பில் இதை எழுதுகிறேன். ஹூப்ரிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆணவம் என்று பொருள், ஆணவம் கொண்ட நாயகனைத் தெய்வங்கள் தண்டிக்கும், அதுவே துன்பியல் என்று வழிகாட்டி நூல்கள் எழுதிவைத்திருப்பதை மாணவர்களும், அவர்களைத் தொடர்ந்து பத்திரிகையாளர்களும் அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

ஆணவம் மனத்தில் இருப்பது. ஹூப்ரிஸ் பிறர்மீது நிகழ்த்தப்படுவது. பழைய ஏதென்ஸில் அது சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் அடிமையாக இருந்தாலும் குடிமக்களில் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம். ஆதாயம் கருதாமலும், முன்பட்ட தீங்குக்குப் பழிதீர்க்கும் நோக்கமில்லாமலும், தன் இன்பத்துக்காகவே ஒருவரை அவமானப்படுத்துவது என்று அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை நூலில் இதை வரையறுக்கிறார். ஏதென்ஸின் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையில், அரிஸ்டன் என்ற இளைஞனை மேலாடை பறித்து, சேற்றில் தள்ளி மிதித்து, உதட்டைக் கிழித்த கும்பலில் ஒருவனான கோனோன், சண்டையில் வென்ற சேவலைப் போலக் கூவுகிறான். முழங்கைகளை இறக்கையாக்கி விலாவில் அடித்துக்கொள்ளும்படி கூட்டாளிகள் அவனைத் தூண்டுகிறார்கள். அடித்தது அடிதடி, அந்தக் கூவலில்தான் ஹூப்ரிஸ் இருக்கிறது. (ஆனாலும் அரிஸ்டன் தொடுத்தது அடிதடி வழக்கு மட்டுமே, இளவயதில் பெரிய வழக்கைச் சுமக்க வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்துவிட்டார்கள்.)

வரம்பு மீறிய கொழுப்பு என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ஸ்கித்தியர் என்ற நாடோடி மக்களின் குதிரைகளை மிரளவைத்த, பாரசீகப் படையின் கழுதைகளின் கத்தலுக்கு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதன் வினைவடிவத்தையே பயன்படுத்துகிறார்.

தெய்வங்களுக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கி.மு. 472இல் அரங்கேறிய, நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில், ஹூப்ரிஸ் பூத்து அழிவைக் கதிராக ஈன்றது என்று இறந்த பாரசீக மன்னன் தாரியஸின் ஆவி சொல்கிறது; ஆனால் அங்கும் பாரசீகப் படை கிரேக்கக் கோயில்களை எரித்ததும் தெய்வச் சிலைகளைக் கொள்ளையடித்ததுமே குற்றமாகச் சுட்டப்படுகின்றன. நாயகனின் வீழ்ச்சிக்கு அரிஸ்டாட்டில் கவிதையியலில் கூறும் காரணமோ ஹமார்த்தியா, அதாவது பிழை. ஹூப்ரிஸையும் ஹமார்த்தியாவையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள்.

இச்சொல்லை எழுதுமுன், அவமானப்பட்டவர் யார் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் செருக்கு, அகந்தை என்று தமிழிலேயே எழுதுங்கள். வழிகாட்டி நூல் எழுதுவோரே, அடுத்த பதிப்பிலாவது அந்த வாய்பாட்டை நீக்கிவிடுங்கள்.