‘செடிதானே, வளர்ந்துவிடும்’

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். செடியை யானை உருவத்தில் வெட்டி வளர்த்த எங்கள் பச்சை யானையின் தும்பிக்கைமேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஆறு வயது இருக்கலாம். எதிரே அப்பா கைப்பேசியைப் பிடித்தபடி, “இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மடக்கென்று சத்தம். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டடி உயரம், கீழே புல்தரை. தும்பிக்கைதான் பட்டையோடு உரிந்து தொங்கியது. முறிந்த இடத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“செடிதானே அக்கா, இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும்” என்றார் அப்பா. திமிராகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த ஆண்டில் இது நான்காவது. முயலின் காது, மயிலின் கொண்டை, கரடியின் இடது கை, இப்போது தும்பிக்கை. நான்கு முறையும் எனக்குக் கிடைத்த ஆறுதல் வாக்கியம் ஒன்றேதான். சிங்கப்பூரில் தோட்டப் பராமரிப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வாக்கியத்துக்கு இனி எழுத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

செடி வளரும். யார் இல்லையென்றார்கள்? எங்கள் தொல்லையே அது வளர்வதுதான். அந்த யானை, ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த ஃபைக்கஸ் மரம். அதற்குத் தான் யானை என்று தெரியாது. முப்பதடி மரமாகிவிட வேண்டும் என்பதே அதன் ஒரே எண்ணம். வேண்டாத இடத்தில் வளர்வதை வெட்டி, வேண்டிய இடத்தில் வளர்வதைக் கட்டி, ஒன்பது ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டியதில் கிடைத்தது யானை. முறிந்த இடத்தில் தளிர் வரத்தான் செய்யும். அது தும்பிக்கையாக வராது. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் குச்சியாக நீட்டிக்கொண்டு வரும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பும் தளிரில் இலை பெரிதாக இருக்கும், கணுவுக்குக் கணு இடைவெளியும் அதிகம். ஆண்டுக்கணக்கில் கவாத்து செய்து அடர்த்தியாக்கிய இடத்தின் நடுவே அது, பட்டுப் புடவையில் துண்டுத் துணியை ஒட்டுப்போட்டது போல் தெரியும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யானை கெட்டியாக, மெத்தை போல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் கிடையாது. இலை இருப்பதெல்லாம் மேலே நான்கு விரல்கடை கனத்துக்குத்தான். அதற்குக் கீழே வெளிச்சம் போகாது, ஆகையால் இலையும் நிற்காது. உள்ளே இருட்டு, காய்ந்த குச்சிகள், சிலந்தி வலை. சாய்ந்து நின்று படம் எடுக்கிறீர்களே, நீங்கள் சாய்வது அந்த மெல்லிய தோலின்மேல். உங்கள் முதுகு அழுந்திய இடத்தில் நுனிக் கொழுந்துகள் ஒடிந்து ஒரு பள்ளம் விழும். அதைச் சரிசெய்ய மற்ற இடங்களையும் அந்த மட்டத்துக்குக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். இப்படித்தான் எங்கள் முயல் இரண்டு ஆண்டுகளில் இளைத்துப்போனது.

தும்பிக்கையின் கதையைச் சொல்கிறேன். தலைப்பகுதியிலிருந்து வந்த ஒரே ஒரு நீளக் கிளையைத் தேர்ந்தெடுத்து, வளைத்த இரும்புக் கம்பியோடு ரப்பர்ப் பட்டையால் கட்டினோம். கிளை பருக்கப் பருக்கக் கட்டு இறுகும், பட்டையை வெட்டும். அதனால் மாதம் ஒருமுறை அவிழ்த்து, இடம் மாற்றிக் கட்ட வேண்டும். கிளை முற்றி, வளைவு தானாக நின்ற பிறகுதான் கம்பியை எடுத்தோம். பக்கக் கிளைகள் அடர்ந்து தும்பிக்கை என்று சொல்லும்படி ஆவதற்கு மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆயின. மடக் என்ற அந்தச் சத்தம் அரை நொடிகூட இல்லை.

கட்டியவர் எங்கள் அணியின் மூத்தவர், மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பதினோரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். இயந்திரக் கத்தியைத் தட்டையான வேலிச்செடிக்கு மட்டும்தான் தொடுவார். உருவங்களுக்குக் கைக்கத்தரிதான். காலையில் சாணைக்கல்லில் தீட்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டுதான் வெட்டத் தொடங்குவார். பத்து வெட்டு, பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பார். மறுபடி வந்து இரண்டு வெட்டு. கொத்தனார் போல் நூல்குண்டும் வைத்திருக்கிறார். “அதற்கு நான்கு கால் இருந்தும் நகராது அக்கா, இரண்டு காலை வைத்துக்கொண்டு நான்தான் சுற்றிவர வேண்டும்” என்பார். கரடியின் கை போனபோது ஒன்றும் சொல்லவில்லை. தும்பிக்கைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. தொங்கிய கிளையை அடியில் சுத்தமாக அறுத்து எடுத்து, சீவிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயைச் சுருட்டப் போய்விட்டார்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் கியோம் போமோன் 1694-இல் தொடங்கிய உருவச்செடிகள் இன்றும் நிற்கின்றன. அங்கே அவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு. பனிக்காலத்தில் செடி உறங்கும். நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் மேலே இருக்கிறோம், இங்கே எந்தச் செடியும் உறங்காது. மூன்று வாரம் தாமதித்தால் யானைக்குத் தாடி முளைத்துவிடும். மழைக்கால ஈரத்தில் வெட்டினால் காயத்தில் பூஞ்சை ஏறும் என்று காத்திருந்தால், அதற்குள் இலைப்பேன் வந்து கொழுந்தை எல்லாம் சுருட்டி வைத்துவிடும். வெயில் நாளோ ஆளையே வதக்கும். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) 32 டிகிரியைத் தொட்டால், வெயிலில் கடும் வேலை செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு என்று மனிதவள அமைச்சு 2023-இல் விதித்தது. நல்ல விதி. அந்தப் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுத்து, ‘வேலையே நடப்பதில்லை’ என்று புகார் அனுப்பிய ஒரு வாசகர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘கிரீன் அனிமல்ஸ்’ என்றொரு உருவச்செடித் தோட்டம் உண்டு. ஜோசப் கரெய்ரோ என்ற தோட்டக்காரர் 1905 முதல் 1945 வரை அதைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு மருமகன் ஜார்ஜ் மெண்டோன்சா 1985 வரை. எண்பது ஆண்டுகள், மாமனாரும் மருமகனும். தென் கரோலைனாவில் பெர்ல் பிரையர் என்பவர், நாற்றுப்பண்ணை குப்பையில் போட்ட செடிகளைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நட்டு, தொழிற்சாலை வேலை முடிந்த பிறகு இரவில் விளக்கு வெளிச்சத்தில் வெட்டி வெட்டியே உலகம் பார்க்க வரும் தோட்டமாக்கினார். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். இதைப் படித்துவிட்டு “மூன்று மாதத்தில் எங்கள் கூட்டுரிமை வீட்டு வாசலில் ஒரு குதிரை வேண்டும்” என்று கேட்கும் நிர்வாகக் குழுக்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். சீனப் புத்தாண்டுக்கு ஆண்டுதோறும் ராசி விலங்கு மாறும், மரம் மாறாது. அவசரத்துக்குக் கம்பிக் கூட்டில் சிறுசெடிகளைச் சொருகித் தரலாம். அது வேறு வேலை, அதைத் தோரணம் என்றுதான் சொல்வேன்.

இனி, வருகிறவர்களுக்கு. சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் ஜுவல் கட்டடத்தின் மேல்மாடிப் பூங்காவில் விலங்கு உருவச் செடிகளும் இருக்கின்றன, ஏறிக் குதிக்க வலைகளும் சறுக்குகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எது எதற்கு என்று சொல்வது உங்கள் வேலை. ஏற்றாதீர்கள், சாய்க்காதீர்கள். படத்துக்காகத் தலையை உள்ளே நுழைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த இருட்டில் குளவி கூடு கட்டும், முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் குடியிருக்கும். சென்ற ஆண்டு ஒரு சிறுமியின் கன்னம் பூரி போல் வீங்கியதை நான் பார்த்தேன், போதும். ஃபைக்கஸ் பால் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். டுராண்டா என்ற வேலிச்செடியின் மஞ்சள் காய்கள் பார்க்க அழகு, தின்றால் நச்சு. குழந்தை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் பதியன் போடுவதற்கென்று கொழுந்து கிள்ளும் அத்தைமார்களே, கேளுங்கள், நானே தருகிறேன். கிள்ளாதீர்கள். பொதுப் பூங்காக்களில் அது சட்டப்படியும் குற்றம்.

ஏதாவது முறிந்துவிட்டால் மறைக்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். தொங்கும் கிளையை இலைக்குள் சொருகி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் பார்க்கும்போது அழுகல் தண்டுவரை இறங்கியிருக்கும். அன்றைக்கே தெரிந்தால் சுத்தமாக அறுத்துவிடலாம். திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.

யானையின் வலது காது ஏன் வெட்டாமல் பரட்டையாகக் கிடக்கிறது என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டார்கள். அதற்குள் ஒரு சின்னான் கூடு கட்டியிருக்கிறது, இரண்டு குஞ்சுகள். கையகல வாழைநார்க் கிண்ணம், உள்ளே திறந்த இரண்டு வாய்கள். கத்தரிச் சத்தம் கேட்டாலே தாய் வேலிமேல் வந்து உட்கார்ந்து கத்துகிறது. மூத்தவர் அந்தப் பக்கம் ஏணியே போடுவதில்லை. குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார். தும்பிக்கை இல்லாத அந்த யானைக்கு அதுவரை ஒரு காதும் பரட்டை. படம் எடுக்க வருகிறவர்கள் இடது பக்கம் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.