இலவச மரக்கன்று: நடும் நாளிலேயே அடங்கலையும் பாருங்கள்

உழவர்கள் தங்கள் பட்டா நிலத்தில் மரம் வளர்க்க உதவும் நீடித்த பசுமைப் போர்வைத் திட்டம் தமிழ்நாட்டில் 2021-22இல் தொடங்கப்பட்டது. வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50, வயலில் நட்டால் 160 என்ற அளவில் கன்றுகள் இலவசமாகக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. வயலில் நட்ட 160 கன்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகாவிட்டாலும் ஏக்கருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் 3,360 ரூபாய்தான். இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

காகித ஆலைக்குச் சவுக்கு போட நினைப்பவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் சவுக்கு நட ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 கன்றுகள் வேண்டும் என்பதால், திட்டத்தின் 160 கன்றுகள் எதற்கும் போதாது. ஆலையோடு செய்யும் ஒப்பந்தம் முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் தரகரிடம் கையெழுத்திடும் முன், வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் யார் தலையில் விழும், பட்டை உரித்த எடைக்கு விலையா உரிக்காத எடைக்கா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். வெட்டிய மரம் கிடக்கும் ஒவ்வொரு நாளும் காய்ந்து எடை குறையும். அந்த நட்டம் உங்களுடையது.

அடுத்த தடை பட்டா. இறந்துபோன தந்தையின் பெயரிலேயே பட்டா இருந்தாலோ, கூட்டுப் பட்டாவில் பங்காளி ஒருவர் முரண்டு பிடித்தாலோ விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். குத்தகைக்கு உழுபவர் நிலை இன்னும் மோசம். பெயர் மாற்றத்தை முடித்துக்கொண்டு, தமிழ்நாடு அரசின் உழவன் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வதே அலைச்சலைக் குறைக்கும்.

பதிவைப் பார்ப்பது வேளாண்மைத் துறை, கன்று இருப்பது வனத்துறை நாற்றங்காலில். “அங்கே கேளுங்கள்” என்று இரண்டு இடத்திலும் சொல்லிச் சொல்லியே வடகிழக்குப் பருவமழையைக் கடத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் வந்து சேரும் கன்று கோடையில் கருகினால், மறு ஆண்டு கணக்கெடுப்பில் அது உங்கள் பராமரிப்புக் குறையாகவே எழுதப்படும். ஆகவே பதிவு எண்ணைப் படமெடுத்து வையுங்கள். ஆடியிலேயே கேட்கத் தொடங்குங்கள். தண்ணீர் வசதி இல்லாத நிலத்துக்குக் காலம் தவறி வரும் கன்றுகளை வாங்காதீர்கள்.

பெரிய இழப்பு வெட்டும்போது வருகிறது. தேக்கு போன்ற மரங்களை லாரியில் ஏற்ற வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை. மரம் உங்கள் நிலத்தில் வளர்ந்ததுதான் என்று காட்ட, எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதும் கிராமப் பதிவேடான அடங்கலையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் கேட்பார்கள். 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் இணையவழி அனுமதி முறை வந்துவிட்டது என்றாலும், அடங்கலில் ‘தரிசு’ என்று இருக்கும் நிலத்துக்கு இணையம் என்ன செய்யும்? காகிதம் சரியில்லை என்று தெரிந்த வியாபாரி விலையை அடித்துக் கேட்பார். வெட்டிப் போட்டுவிட்ட பிறகு உங்களால் பேரமும் பேச முடியாது.

அடங்கல் எழுதப்படும் வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மர வகையையும் எண்ணிக்கையையும் அந்தந்தப் பசலி அடங்கலில் ஏற்றச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்று, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை ஆள் வைத்து வெட்டாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள்.