மரை ஏறிவிட்டால் போதுமா?

போன வாரம் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் இழுவை வண்டியில் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. முன்பக்க இடது சக்கரத்தில் ஐந்து போல்ட்டில் இரண்டைக் காணோம், மீதி மூன்றை விரலாலேயே சுழற்ற முடிந்தது. வீலில் போல்ட் உட்காரும் குழிகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்து கோணலாகியிருந்தன. ஓட்டி வந்த தம்பி அலட்சியமான ஆள் இல்லை. நல்ல டார்க் ரெஞ்ச் (செட் செய்த இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்திருக்கிறார், கையேட்டைப் பார்த்து 130 நியூட்டன் மீட்டர் என்று செட் செய்து, டிக் என்று சத்தம் வரும்வரை ஒவ்வொரு போல்ட்டையும் முறையாக இறுக்கியிருக்கிறார். பழைய போல்ட் துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது என்று ஆன்லைனில் கறுப்பு நிறத்தில் ஒரு செட் வாங்கி மாட்டினார், அவ்வளவுதான் அவர் செய்தது. "அண்ணே, மரை அழகா ஏறுச்சே, அப்புறம் எப்படி லூசாச்சு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டுவிட்டார்கள்! பிரேக் பேட் உள்ளே போச்சே, ஹோஸ் மாட்டுச்சே, சென்சார் கனெக்டர் சேர்ந்துச்சே என்று. மாட்ட முடிந்தால் அது சரியான பாகம் என்கிற இந்த நம்பிக்கைதான், சொந்தமாக வேலை செய்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் வண்டிகளில் பாதியைக் கெடுத்திருக்கிறது. அதனால் இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். எம்14, அதாவது 14 மில்லிமீட்டர் விட்டம், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், நீளமும் அதேதான். வித்தியாசம் தலைக்குக் கீழே இருக்கிறது. போர்ஷே கம்பெனி வீல்களில் போல்ட் உட்காரும் குழி உருண்டையாகக் கடையப்பட்டிருக்கும், போல்ட்டின் அடித்தலையும் பந்தின் ஒரு பகுதிபோல உருண்டையாக இருக்கும். கடையில் தனியாக விற்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை 60 டிகிரி கூம்பு. கூம்பை உருண்டைக் குழியில் இறுக்கினால் முழுப் பரப்பும் ஒட்டாது, மெல்லிய வளையம் போன்ற ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்சுக்கு அது தெரியுமா? தெரியாது, 130 வந்ததும் டிக் என்று சொல்லிவிடும். வண்டி ஓட ஓட அந்த மெல்லிய கோட்டில் அலுமினியம் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பிடிமானம் போகும், அப்புறம் வீல், அதைத் தாங்கும் ஹப் மேல் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் மீதி போல்ட்டையும் கழற்றிவிடும். இதில் மரையில் ஒரு குறையும் இல்லை. தப்பான போல்ட்டை மிகச் சரியான அளவில் இறுக்கியிருக்கிறார், அந்தத் தம்பியின் பிரச்சினை அதுதான்.

பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. தலைக்குக் கீழே விரலை வைத்துத் தடவினாலே வளைவா சரிவா என்று தெரியும். வெளிச்சந்தை வீல் மாட்டும்போது இதே விஷயம் தலைகீழாக நடக்கும், வீலில் கூம்புக் குழி இருக்கும், உங்கள் கையில் கம்பெனியின் உருண்டை போல்ட் இருக்கும். வீல் வாங்கும்போதே எந்தக் குழி, நடு ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டுவிட்டுப் பழைய போல்ட்டையே மாட்டினால் மரையில் 15 மில்லிமீட்டர் பிடிப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும், எம்14 என்றால் 14 மில்லிமீட்டர். கையாலேயே ஏற்றி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், ஆக பத்துச் சுற்றாவது வர வேண்டும். ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிட்டால் அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். அதற்காக நீளமான போல்ட்டாகப் பார்த்து வாங்கி ஸ்பேசர் இல்லாத சக்கரத்தில் போடவும் கூடாது, பின்சக்கரத்தில் டிஸ்க்குக்கு உள்ளேயே ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கும் வண்டிகளில் போல்ட் நுனி போய் அதை இடிக்கும்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மோகம். துருப்பிடிக்காது, பளபளவென்று இருக்கும், இன்ஜின் கவரிலும் நம்பர் பிளேட்டிலும் தாராளமாகப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது. பிரேக் கேலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிடிக்கும் போல்ட்டிலும் சஸ்பென்ஷன் ஆர்மிலும் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போல்ட் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 10.9 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 1000 மெகாபாஸ்கல், அது அறுந்து போகும் எல்லை. புள்ளிக்குப் பின்னால் உள்ள 9, அந்த ஆயிரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900 வரை இழுத்தாலும் திரும்பப் பழைய நீளத்துக்கு வரும் என்று சொல்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏ2-70 என்று இருக்கும், அது அறுவது 700-இல், நிரந்தரமாக நீள ஆரம்பிப்பது 450-இல். பாதி! கையேடு 10.9-க்குச் சொன்ன டார்க்கை இதில் கொடுத்தால், கேரேஜை விட்டுக் கிளம்பும் முன்பே போல்ட் நீண்டுபோயிருக்கும். போதாததற்கு ஸ்டெயின்லெஸ் மரைகள் ஒன்றோடொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளும் குணம் உடையவை, டார்க் ரெஞ்ச் டிக் சொல்லும், உள்ளே இறுகியிருக்காது. தலையில் எண்ணே இல்லாத போல்ட் என்றால் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பக்கமே கொண்டு போகக் கூடாது. சில போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கினால் ஒருமுறைதான், கழற்றினால் புதிது போட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கம்பெனிக்காரன் காசு பறிக்க எழுதியது என்று நினைத்துப் பழையதையே மாட்டாதீர்கள், அது நீளும்படியே இறுக்கப்படும் போல்ட்.

பிரேக் பேடுக்கு வருவோம். ஒரே கேலிப்பருக்கு ஒரே வடிவத்தில் பத்து வகை பேட் கிடைக்கும், பத்தும் உள்ளே போகும். வடிவம் தருவது உலோகத் தகடு. வண்டியை நிறுத்துவது அதில் ஒட்டியிருக்கும் பொருள், அது என்னவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதனால்தான் பின்தகட்டில் எழுத்துகள் இருக்கின்றன. ஐரோப்பிய விதிப்படி வந்த பேடில் ஆர்90 என்கிற அங்கீகார எண் இருக்கும், ஒரிஜினல் பேடுக்கும் அதற்கும் செயல்திறனில் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று சோதித்தது. அமெரிக்கச் சந்தை பேடுகளில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து பார்த்திருப்பீர்கள், முதல் எழுத்து குறைந்த சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எழுத்தும் இல்லை எண்ணும் இல்லை, பெட்டி மட்டும் பளபளப்பு என்றால் வாங்காதீர்கள்.

ரேஸ் பேட் போட்டால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் தனி ரகம். அந்தப் பேட் நன்றாகச் சூடேறிய பிறகு வேலை செய்யத் தயாரிக்கப்பட்டது. காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால் உங்கள் பழைய பேட் நின்ற இடத்தில் இது நிற்காது. ட்ராக்குக்குப் போகும் நாளில் மாட்டுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். எந்தப் புது பேடாக இருந்தாலும் தயாரிப்பாளர் சொல்கிறபடி படிப்படியாகச் சூடேற்றிப் பழக்குங்கள், மாட்டிய அன்றே வேகத்தைச் சோதிக்காதீர்கள்.

பிரேக் ஆயிலில் எண் பெரிதானால் தரம் பெரிது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டின்னில் டாட் என்று போட்டிருக்கும் வகை எண்ணைப் பார்த்து, டாட் 4-க்கு அடுத்தது டாட் 5 என்று நினைத்து ஊற்றிவிட்டு வருகிறார்கள். டாட் 5 சிலிகான், மற்றவை கிளைகால், இரண்டும் கலக்காது. உங்களுக்கு வேண்டியது அநேகமாக டாட் 4 அல்லது 5.1. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, காற்றிலிருந்து ஈரம் குடித்த பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155. 5.1-க்கு 260-உம் 180-உம். பார்த்தால் தெளிவாகத்தானே இருக்கிறது என்று நாலைந்து வருடம் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, ட்ராக்கில் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். எப்போதோ திறந்து அலமாரியில் வைத்த பாதி டின்னைத் தூக்கிப் போடுங்கள்.

காற்றால் இன்ஜின் குளிரும் பழைய ஏர்கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இன்ஜின் ட்ரை சம்ப், அதாவது ஆயில் இன்ஜினுக்கு அடியில் இல்லாமல் தனி டேங்கில் இருக்கும். வண்டி நன்றாகச் சூடாகி, சமதரையில், இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது உருவிப் பார்த்து, ஆயிலே இல்லை என்று பதறி ஒரு லிட்டர், இன்னும் ஒரு லிட்டர் என்று ஊற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி முழுக்க ஆயிலும் பின்னால் புகையுமாக இன்ஜின் போய்விட்டது என்று போன் செய்கிறார்கள். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும், அதிகமாக ஊற்றியதை வடித்தால் சரியாகிவிடும். மற்ற கார்களில் பார்த்த பழக்கத்தை இதில் கொண்டுவராதீர்கள்.

பெட்ரோல் ஹோஸ் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கேளுங்கள், இது கெஞ்சல்தான். டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றும்போது, பம்புக்கு மேலே ஒரு சின்ன ஹோஸ் வரும். நல்ல இன்ஜெக்‌ஷன் ஹோஸ்தானே என்று வெளியில் போடும் ஹோஸை வெட்டி உள்ளே மாட்டுகிறார்கள். அந்த ஹோஸின் உள்சுவர்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிச்சுவர் அதிலேயே நாள் முழுக்க மூழ்கிக் கிடக்கச் செய்தது இல்லை. ஊறும், உப்பும், விண்டுபோகும், கடைசியில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நேரத்தில் பெட்ரோல் பிரஷர் விழும். மூழ்கும் இடத்துக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும் ஹோஸ்தான். மீட்டர் கணக்கில் பார்த்தால் விலை அதிகம்தான், ஆனால் உங்களுக்குத் தேவை ஒரு சாண். பெட்ரோல் லைனைத் திறக்கும் முன் பிரஷரை இறக்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எல்லோரும் பெட்டியின் ஹாலோகிராமைத்தான் கேட்கிறார்கள். பெட்டியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பரை எடுங்கள், அதற்குப் பதில் கம்பெனி புது எண் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் சரியான எண்ணுக்கு வாங்குங்கள். எல்லாவற்றையும் கம்பெனிப் பெட்டியிலேயே வாங்கு என்றும் நான் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு அந்தப் பாகத்தைச் செய்து தருபவரே தன் பெயரில் விற்பதும் நல்ல சரக்குதான், விலையும் குறைவு. ஆனால் பாதி விலைக்கும் கீழே ஒருவன் கொடுக்கிறான் என்றால், அவன் எதைக் குறைத்தான் என்று யோசியுங்கள்.

ஜாக்கி. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். ஜாக்கி தூக்கத்தான், ஸ்டாண்டு போடாமல் வண்டிக்கடியில் கையைக்கூட விடாதீர்கள். ஹாலோ பிளாக், செங்கல், மரக்கட்டை அடுக்கு, எதுவும் ஸ்டாண்டு ஆகாது. பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட்பிரேக் பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரத்தை, அதை நீங்கள் தரையிலிருந்து தூக்கிவிட்டீர்கள். தாழ்வான வண்டிக்கு ஜாக்கி நுழையவில்லை என்று கண்ட இடத்தில் கொடுத்து இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை நசுக்காதீர்கள், முதலில் பலகைமேல் ஏற்றுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள், விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

கடைசியாக ஏர்பேக். ஸ்டியரிங் மாற்ற ஆசைப்பட்டு அதைக் கழற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியை அடுத்து வாங்குபவருக்கு ஏர்பேக் இல்லை என்பதே தெரியாது. இன்னும் சிலர் விபத்தில் வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் ஆன்லைனில் மலிவாக ஒன்றைத் தேடுகிறார்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு போலி ஏர்பேக்குகளைச் சோதித்து எச்சரிக்கை விட்டது: சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளை எதிரே இருப்பவர் மேல் பீய்ச்சின. பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினலும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், தகாடா என்கிற ஜப்பான் கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதும் பாகம்) திரும்பப் பெறுதலில் பிஎம்டபிள்யூ, மாஸ்டா, ஃபெராரி எல்லாமே மாட்டின, ஈரத்திலும் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்த இன்ஃப்ளேட்டர்தான் அவற்றில் சிதறியது. மாற்றாத ஒன்று எந்தக் காயலான் கடையிலிருந்து உங்கள் கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் சேசிஸ் எண்ணை உற்பத்தியாளரின் ரீகால் பக்கத்தில் இன்றே போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் டீலரிடம் இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற வேலை எதையும் வீட்டில் செய்யுங்கள், சந்தேகம் வந்தால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் மட்டும், மல்டிமீட்டரை வைக்காமல், உருவிப் பார்க்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.