புகுத்திய இனம்: சொல் விளக்கம்

தன் இயல்பான வாழ்பரப்புக்கு வெளியே, மனிதர் கொண்டுபோய் விட்டதனால் வாழ நேர்ந்த உயிரினத்தை 'இன்ட்ரொடியூஸ்டு ஸ்பீசீஸ்' என்பர். தமிழில் இதனை 'அறிமுக இனம்' என்று எழுதுவோர் உண்டு. ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது: 'இன்ட்ரோ' என்பது உள்ளே, 'டூக்கெரே' என்பது இட்டுச்செல்லுதல். ஒருவரை மற்றவருக்குத் தெரிவித்தல் என்பது அதன் கிளைப்பொருள். 'அறிமுகம்' அதற்கே பொருந்தும். 'புகு' என்னும் தன்வினையின் பிறவினையாகிய 'புகுத்து', செய்தவர் ஒருவர் உண்டு என்பதைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், 'புகுத்திய இனம்' என்பதே தக்கது. 'வந்தேறி' என்பதோ தானே வந்து குடியேறியதைக் குறிக்கும். மனிதரை இழித்துரைக்கவும் வழங்கும் அச்சொல் அறிவியலுக்கு வேண்டியதில்லை.

செய்தவரை மறைக்காத சொல் ஏன் தேவை என்பதற்குச் சாம்பல் அணிலே சான்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய இதனை, 1876இல் இங்கிலாந்தின் செஷயரில் உள்ள ஹென்பரி பார்க்கில் தாமஸ் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர் விட்டார். பிறகு அங்கு வேறு பல தோட்டங்களிலும், 1911இல் அயர்லாந்திலும், 1948இல் இத்தாலியின் தூரின் நகருக்கு அருகிலும் மனிதர்களே விட்டனர். சாம்பல் அணில் பெரும்பாலும் நோயுறாமலே சுமந்து திரியும் அணிலம்மைத் தீநுண்மி, பிரிட்டனின் மண்ணுக்குரிய செவ்வணிலைக் கொன்றுவிடுகிறது. உணவுப் போட்டியும் சேர்ந்துகொள்ள, இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து செவ்வணில் மறைந்துவிட்டது. சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் தடுக்கும் ஆணை 1937இல்தான் வந்தது.

இவ்வாறு பரவிக் கேடு செய்வதை 'ஆக்கிரமிப்பு இனம்' எனலாம். ஆனால் புகுத்திய இனம் ஒவ்வொன்றும் அத்தகையதன்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், 1898 அளவில் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து வெளியேறிய இந்திய அணில்கள் இன்றும் பெரும்பாலும் அதன் சுற்றுவட்டாரத்திலேயே வாழ்கின்றன. அவை நம் வீட்டு முற்றத்து அணில்கள் அல்ல. தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயராகக் 'குட்டி' என்பதைப் பெறும் விலங்குகளுள் 'மூவரி அணில்' என்று குறிப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் அணிலுக்கு அப்படியே பொருந்துகிறது. பெர்த்தில் உள்ளது முதுகில் ஐந்து வரிகள் கொண்ட வட இந்திய இனமாதலால், அந்த மரபையொட்டி அதனை 'ஐவரி அணில்' என்று வழங்கலாம்.