நூலகரா, நூலகப் பொறுப்பாளரா?

இங்கிலாந்தின் பள்ளி நூலகர்கள் தங்கள் தொழிலுக்கு மதிப்பும் முறையான ஊதியமும் கோரிவருவதைப் பற்றிய கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தைச் சென்னையில் ஒரு சிறு கூட்டத்தில் படித்தார்கள். ‘ஸ்கூல் லைப்ரரியன்’ என்பது தொடக்கம் முதல் இறுதிவரை ‘பள்ளி நூலகப் பொறுப்பாளர்’ என்றே வந்தது. பலமுறை கேட்டுச் சலித்த சொல்தான். எனினும் அந்தக் கட்டுரையில் அதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

லைப்ரரியன் என்பதன் வேர் ‘லிபெர்’ என்னும் இலத்தீன் சொல். முதலில் மரத்தின் உட்பட்டை, பிறகு நூல். நம்முடைய நூல் பஞ்சிலிருந்து வந்தது; சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகிக்கிறது நன்னூல். பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரால் விளங்குவது இன்றும் ‘நூல்நிலையம்’தான், மற்ற இடங்களில் நூலகம் நிலைத்துவிட்டது. அதிலிருந்து நூலகர்.

பொறுப்பு என்பது ஒருவர் ஒப்படைக்க மற்றவர் ஏற்பது. ஒப்படைத்தவர் நாளையே திரும்பப் பெறலாம். கட்சிகளில் வட்டப் பொறுப்பாளர், தொகுதிப் பொறுப்பாளர் என்று சொல்வது அதனால்தான் பொருந்துகிறது. பாடவேளை குறைந்த ஆசிரியரிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தால் அவரையும் தாராளமாகப் பொறுப்பாளர் எனலாம். நூலக அறிவியல் பயின்று, நூல்களைத் தெரிந்து வாங்கி, வகைப்படுத்தி, எந்தக் குழந்தைக்கு எந்த நூல் என்று அறிந்து கொடுப்பவர் அவரல்லர். இவ்விருவரும் ஒருவரல்லர் என்பதே இங்கிலாந்தின் நூலகர்களுடைய வாதம். சிறைதோறும் நூலகம் வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் சிறை விதிகள் கட்டளையிடும் அந்நாட்டில், பள்ளிதோறும் நூலகம் வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. அந்தக் குறையைச் சொல்ல வந்தவர்களின் தொழிற்பெயரையே தமிழில் பறித்துவிட்டால், படிப்பவர் அவர்கள் கேட்பதை எப்படி விளங்கிக்கொள்வார்?

நூலகர் என்றால் நூலகத்தில் குடியிருப்பவர் என்றாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மருத்துவர் என்பதை மருத்துவத்தில் குடியிருப்பவர் என்று யாரும் கொள்வதில்லை. வழக்கு பொருளைத் தெளிவாக்கிவிடும். வேறு சிலர் ‘நூலகக் காப்பாளர்’ என்கிறார்கள். நம் ஊரில் காப்பாளர் என்றதும் நினைவுக்கு வருபவர் மாணவர் விடுதியின் வார்டன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, இலண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய சீர்காழி இரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை நூலக அறிவியலுக்குத் தாம் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். பூட்டி வைப்பதற்கு எதிராக எழுந்த ஒரு துறைக்குக் காவற்காரப் பெயரைச் சூட்டுவது முறையன்று. இவற்றைவிட லைப்ரரியன் என்று எழுதிவிடுவதே மேல், பொருளாவது சிதையாது.

மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டபோது, ‘பொறுப்பாளர் என்பதில் மரியாதை கூடுதலாக இருக்கிறது’ என்றார். அவர் தொழிலை நோக்காமல் சொல்லை மட்டுமே நோக்கினார் என்பதற்கு வேறொரு சான்றும் இருந்தது. அந்நாட்டில் பள்ளி நூலகர் பலருக்கு விடுமுறை வாரங்களுக்கு ஊதியம் கிடையாது. பள்ளி நடக்கும் வாரங்களைக் கணக்கிட்டே ஒப்பந்தம்; ஆங்கிலத்தில் ‘டேர்ம் டைம்’ என்பார்கள். அதை அவர் ‘பதவிக்கால ஒப்பந்தம்’ ஆக்கிவிட்டார். விரித்தெழுதினால் நீண்டுவிடும் என்று அஞ்சினாராம். நூலகர் என்னும் நான்கெழுத்தை விட்டுவிட்டுப் பத்தெழுத்தைத் தேடிப்போனபோது அந்த அச்சம் எங்கே போயிற்றோ!