பிடித்த 5 வீதத்துக்குச் சான்றிதழ் எங்கே?

நவம்பர் 30 நெருங்கினால் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் கணக்கு அலுவலகத்துக்கு டியூட்டரி (தனியார் வகுப்பு) மாஸ்டர்மார் வரத் தொடங்கிவிடுவார்கள். வருமான வரி விவரத்திரட்டுக் கொடுக்க அதுதான் கடைசி நாள். 2025இல் வந்த ஒருவருக்கு ஒரு டியூட்டரி மாதம் 120,000 ரூபா பேசி, ஒவ்வொரு மாதமும் 6,000 ரூபா பிடித்திருந்தது. "வரிக்குப் போனது போனதுதானே சேர்?" என்றார். வரி பிடித்ததைக் காட்டும் சான்றிதழ் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

போகவில்லை. 2023 ஜனவரியில் இருந்து, தன்னிடம் வேலைக்கு இல்லாத ஒருவருக்குச் சேவைக் கட்டணமாக மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கும் நிறுவனம் 5 வீதம் நிறுத்திவைக்க வேண்டும். ஆசிரியர், டொக்டர், சட்டத்தரணி, எஞ்சினியர், சொஃப்ட்வெயார் எழுதுகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஆனால் அது முன்கூட்டிக் கட்டும் காசு, இறுதி வரி இல்லை.

மாஸ்டருக்கு வேறு வருமானம் கிடையாது. 2024/25 வரியாண்டில் கிடைத்தது 14.4 லட்சம். 12 லட்சம் விலக்குப் போக மிச்சம் 2.4 லட்சத்துக்கு 6 வீதப்படி வரி 14,400 ரூபாதான். பிடித்ததோ 72,000. ஆக 57,600 ரூபா அவருக்குத் திரும்ப வரவேண்டிய காசு. 2025 ஏப்ரலில் இருந்து விலக்கு 18 லட்சம் என்பதால், இதே வருமானத்துக்கு இனி முழுத்தொகையும் திரும்ப வேண்டும். அதைக் கேட்கச் சான்றிதழ் வேண்டும்.

காசு கொடுக்கிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். முதல் காசோலை எழுத முன்னமே, காசு வாங்குகிறவரின் டின் இலக்கத்தையும் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) அடையாள அட்டையில் உள்ளபடி பெயரையும் வாங்கி வையுங்கள். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல். பிடித்ததை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிட்டு, அந்தக் கையோடு சான்றிதழையும் கொடுங்கள். 90,000, 60,000 என்று இரண்டு வவுச்சராகப் பிரித்தால் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். பார்க்கப்படுவது மாதக் கூட்டுத்தொகை. பிடிக்காமல் விட்ட வரி கடைசியில் கொடுத்தவர் தலையில்தான் விழும்.

அப்புறம், நாள் முழுக்க உங்கள் கடையில், நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வேலை செய்கிறவரை 'கொன்ட்ராக்ட்' என்று எழுதி ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாமல் விடாதீர்கள். அவர் உங்கள் ஊழியர்தான்.

அந்த மாஸ்டர் டியூட்டரிக்கு நாலு தடவை நடந்து ஒன்பது மாதத்துக்கான சான்றிதழ்களை வாங்கிவிட்டார். மிச்சம் மூன்றையும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.